கைவேலை என்ன தண்டனையா? – ஒரு பழைய லேண்ட் ரோவர் எனக்கு நடத்திய பாடம்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்புப் பழக்கம் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை ஒரு வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். "ஐயாவுக்கு என்ன ஆயிற்று?" என்று யாரும் பதற வேண்டாம். வண்டியில் தொடங்கினாலும் வகுப்பறையில்தான் முடிப்பேன்.

நம்மில் பல ஆசிரியர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "ஒழுங்காகப் படிக்காவிட்டால் மெக்கானிக் கடைக்குத்தான் போக வேண்டும்." நானும் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அல்ல, பலமுறை. ஒருமுறை ஒரு மாணவனின் தந்தையை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்று திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

மலையும் வண்டியும்

கேமரன் மலைக்கு வந்து போனவர்கள் அந்த வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். சதுர முகமும், நசுங்கிய பக்கங்களும், பின்னால் முட்டைக்கோசுக் கூடைகளுமாகத் தோட்டப் பாதைகளில் முனகிக்கொண்டு ஏறும் பழைய லேண்ட் ரோவர்கள். இராணுவமும் அரசுத் துறைகளும் கழித்து ஏலம் விட்ட வண்டிகள் பல இங்கு வந்து சேர்ந்தன. ஐம்பது வயதைக் கடந்த வண்டி இன்னும் வேலைக்குப் போய் வருவதை இந்த மலையில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

இவ்வண்டி பிறந்த கதையே ஒரு பாடம். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரத்தில், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் பொறியியல் பொறுப்பிலிருந்த மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவில் இருந்த தமது நிலத்தில் ஒரு பழைய அமெரிக்க ஜீப்பைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்தபோது, உழவருக்கென்றே ஒரு வண்டியை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. போருக்குப் பின் எஃகு பங்கீட்டில் இருந்தது. எனவே உடற்பகுதிக்கு அலுமினியக் கலவைத் தகட்டைப் பயன்படுத்தினார்கள். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மகிழுந்துக் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் அறிமுகமானது. எஃகு கிடைக்கவில்லையே என்று கைவிட்டிருந்தால் அது பிறந்தே இருக்காது. கிடைத்ததைக் கொண்டு செய்ததால்தான் அதன் உடல் இன்றைக்கும் எளிதில் துருப்பிடிக்காமல் நிற்கிறது.

நான் வாங்கியது 1970ஆம் ஆண்டைச் சேர்ந்த 'சீரீஸ் 2ஏ' வகை. இரண்டேகால் லிட்டர் பெட்ரோல் எஞ்சின். சக்கரங்களுக்கு இடையே 109 அங்குலம். கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர், மூட்டுவலியால் தோட்டத்தை மகனிடம் விட்டபோது இந்த வண்டியை எனக்குக் கொடுத்தார். விலையை இங்கு எழுதினால் என் துணைவியார் படித்துவிடுவார். ஆதலால் எழுதவில்லை.

சிறு வயதில் நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் துரையின் வண்டி இதுதான். அது லயத்தைக் கடக்கும்போது நாங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்போம். அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஒருநாள் உட்கார வேண்டும் என்ற ஆசை மனத்தின் மூலையில் கிடந்திருக்கிறது போலும்.

பட்டறையில் ஒரு பழைய மாணவர்

வாங்கியதோடு சரி. ஓடவில்லை. யாரிடம் கொடுப்பது என்று விசாரித்தபோது எல்லாரும் ஒரே பட்டறையைத்தான் சொன்னார்கள். போனேன். வண்டிக்கு அடியிலிருந்து நெளிந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வணக்கம் சார். என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. தெரியாதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2001ஆம் ஆண்டு என்னிடம் ஐந்தாம் ஆண்டில் படித்தவர். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னது அவருடைய தந்தையிடம்தான்.

அவர் பெயரை இங்கு எழுதவில்லை. அவர் விரும்பவில்லை. தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

அடுத்த எட்டு மாதங்கள், சனி ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும் நான் அந்தப் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். பழைய வண்டியைச் சீர்செய்வது எனக்குத் தெரிந்த எந்த வேலையைப் போலவும் இல்லை. உடல் அலுமினியம் என்றேன் அல்லவா? ஆனால், அடிச்சட்டம் எஃகு. நான்கு பக்கமும் தகடு வைத்து, உள்ளே குழாய்போல் வெற்றிடம் விட்டுப் பற்றவைத்த சட்டம். மழைநீரும் சேறும் அந்த வெற்றிடத்துக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சாயம் பளபளப்பாக இருக்கும். சுத்தியலால் தட்டினால் மண்பானை உடைந்ததுபோல் மொத்தையாக ஒலிக்கும். தம்பி கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். எங்கே ஒலி மாறியதோ அங்கே சாக்கட்டியால் கோடு போட்டார். கோடு போட்ட இடங்களை வெட்டியபோது ஓர் இடம்கூடத் தவறவில்லை. பின்பகுதிக் குறுக்குச் சட்டம் முழுவதும் போயிருந்தது. ஓட்டுநர் கால் வைக்கும் தரை பிஸ்கட்டாக உதிர்ந்தது.

எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். இரு வேறு உலோகங்களுக்கு நடுவே ஈரம் இருந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிவிடுகிறது. நான் இதை அறிவியல் பாடத்தில் எலுமிச்சம்பழத்தில் ஆணியும் செம்பும் செருகிக் காட்டியிருக்கிறேன். அதே பாடம் ஒரு வண்டியின் கதவைத் தின்றுகொண்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஏழு-பதினாறு

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

இந்த வண்டியின் திருகுகள் மில்லிமீட்டர் கணக்கில் வந்தவை அல்ல, அங்குலக் கணக்கு. இது தெரியாமல் நான் வீட்டிலிருந்த 13 மில்லிமீட்டர் ஸ்பேனரை ஓர் அரை அங்குல மரையில் மாட்டித் திருகினேன். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். இடைவெளி 0.3 மில்லிமீட்டர்தான். அது போதும். ஸ்பேனர் வழுக்கி மரையின் முனைகள் மழுங்கிவிட்டன. அதை எடுக்கத் தம்பிக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் வண்டிக்கு அடியிலிருந்து கையை நீட்டி, "சார், ஏழு-பதினாறு எடுங்க" என்றார். நான் பெட்டியில் தேடி ஒன்றைக் கொடுத்தேன்.

"இது ஒன்பது-பதினாறு சார். பெரிசு. அரைக்கு அடுத்த சின்னது வேணும்."

"பார்க்காமலே எப்படித் தம்பி தெரியும்?"

"அரைன்னா எட்டு-பதினாறுதானே சார். ஏழு அதுக்கு ஒன்னு கம்மி. ஒன்பது ஒன்னு கூட."

நான் அப்படியே நின்றேன்.

ஐந்தாம் ஆண்டில் இவர் தோற்ற இடமே பின்னம்தான். பின்னங்களை ஏறுவரிசையில் எழுதச் சொன்னால் மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவார். அரையைவிட ஏழு-பதினாறு பெரியது என்று எழுதுவார். ஏழு ஒன்றைவிடப் பெரியது அல்லவா! நான் கரும்பலகையில் வட்டம் போட்டேன், கோடு போட்டேன், கத்தினேன், கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். 'சமமான பின்னம்' என்ற தலைப்பை மூன்று வாரம் நடத்தியும் அவர் தலையில் ஏறவில்லை என்று முடிவு செய்தேன். ஏறாதது பின்னம் அல்ல, என் கற்பித்தல்தான். பதினாறு ஸ்பேனர் கொண்ட ஒரு பெட்டியை அன்று அவர் கையில் கொடுத்திருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும்.

அதே பட்டறையில், வால்வுக்கும் அதன் மேல் அமரும் நெம்புக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியை அளந்து வைத்தார். 0.010 அங்குலம், அதாவது ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. மெல்லிய தகட்டை இடையே விட்டு இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் பிடிக்கணும், ஆனா இறுக்கக்கூடாது" என்றார். தசம எண்ணை விரல் நுனியில் உணர்கிறவரைத்தான் 'கணக்கு வராதவன்' என்று மதிப்பீட்டு அட்டையில் எழுதி வைத்தேன்.

மலைக்குளிரில் மாணவனாக நான்

டிசம்பர் மாதம் வண்டி தயாரானது. நம் நாட்டில் பனிக்காலம் கிடையாது. ஆனாலும், ஆண்டின் இறுதியிலும் தொடக்கத்திலும் இந்த மலைக்கு வந்து பாருங்கள். 1978ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கேமரன் மலையில் 7.8 பாகை செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. நாங்கள் வண்டியை எடுத்த அன்று விடியலில் 14 பாகை. தூறல். மூச்சு விட்டால் புகை.

குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. அதனால் 'சோக்' குமிழை இழுத்துக் காற்றைக் குறைத்து எண்ணெயைக் கூட்ட வேண்டும். ஆனால், மலையின் உயரமோ 1,400 மீட்டருக்கு மேல். கடல் மட்டத்தைவிட இங்கே காற்று மெலிந்தது. எனவே, எஞ்சின் சூடேறிய பிறகும் சோக்கை விட்டுவைத்தால் எண்ணெய் அதிகமாகி மூச்சு முட்டும், கரும்புகை வரும். எப்போது இழுப்பது, எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பதைக் காதால் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மூன்றுமுறை நான் அணைத்துவிட்டேன். நான்காம் முறை பிடித்தது.

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். தார்ச்சாலையில் பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் இழுத்தால் போதும். மண்பாதைக்கு வந்ததும் சிவப்புக் குமிழ் கொண்ட நெம்பைப் பின்னால் இழுக்க வேண்டும். வேகம் பாதிக்கும் கீழாகக் குறையும். இழுவை அந்த அளவு கூடும். முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் வேகத்தைக் குறைக்காமலே நான்கு சக்கரமும் இயங்கும். திரும்பத் தார்ச்சாலைக்கு வந்தால் அதை விலக்கிவிட வேண்டும். ஏனெனில், வளைவில் முன்சக்கரங்கள் செல்லும் தூரமும் பின்சக்கரங்கள் செல்லும் தூரமும் ஒன்றல்ல. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். இறுகிய சாலையில் அது முடியாது, தண்டுகள் முறுக்கேறும்.

தோட்டத்துப் பாதையில் ஏறிவிட்டோம். இறங்கும்போதுதான் என் வண்டவாளம் வெளிப்பட்டது. மழையில் ஊறிய செம்மண். ஒருபக்கம் சரிவு. நான் பயத்தில் பிரேக்கையும் கிளட்ச்சையும் சேர்த்து மிதித்தேன். வண்டி பக்கவாட்டில் நழுவியது.

"சார், கிளட்ச மிதிக்காதீங்க. ரெண்டு காலையும் எடுங்க. எஞ்சினே பிடிச்சிக்கும்."

காலை எடுக்க மனம் வரவில்லை. வழுக்கும் சரிவில் பிரேக்கிலிருந்து காலை எடு என்றால் எந்த மனிதனுக்குத் துணிவு வரும்? மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறையும் அதே தவறு.

தம்பி குரலை உயர்த்தவில்லை. "நிறுத்துங்க சார். பரவால்ல. முதல்ல இருந்து சொல்றேன்" என்று, சக்கரம் பூட்டிக்கொண்டால் ஏன் வழுக்குகிறது, எஞ்சினோடு பிணைந்து மெல்லச் சுழன்றால் ஏன் மண்ணைப் பற்றுகிறது என்பதைக் கையாலேயே காட்டி விளக்கினார். அவர் தம் வலக்கையைச் சக்கரமாகவும் இடக்கையைச் சாலையாகவும் வைத்துக் காட்டிய விதம் எந்தப் பயிற்றுப் பணிமனையிலும் நான் காணாதது. நான்காம் முறை இரண்டு காலையும் எடுத்தேன். வண்டி ஒரு முதியவர் படியிறங்குவதுபோல நிதானமாக இறங்கியது.

வாசகர்களே, நான் மூன்றுமுறை தவறினேன். அவர் நான்காம் முறையும் விளக்கினார். 2001ஆம் ஆண்டில் இதே மனிதர் மூன்றாம் முறை தவறியபோது நான் என்ன செய்தேன் என்பதை மேலே எழுதிவிட்டேன். இருவரில் யார் ஆசிரியர் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனிப்பான கதையாக முடிக்க முடியவில்லை

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும். "மதிப்பெண் வாங்காதவர்களும் வாழ்வில் வெல்வார்கள்" என்று எழுதிக் கைத்தட்டல் வாங்கிவிடலாம். ஆனால், அது பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்லி மாணவர்களை வழியனுப்பக் கூடாது.

தம்பி வெல்லவில்லை. யூ.பி.எஸ்.ஆர் தேர்வில் மலாய்மொழியில் தவறி, புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, மூன்றாம் படிவத்தோடு நின்றார். பதினெட்டு ஆண்டுகளாக வேறொருவருடைய பட்டறையில் வேலை செய்கிறார். இந்த மலையில் அவருக்கு நிகரில்லை. ஆனால், கையில் ஒரு தாள்கூட இல்லை. ஈப்போவில் ஒரு பெரிய பணிமனைக்கு வேலை கேட்டுப் போனபோது சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டார். என் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். எழுத்து வரும் இடத்தில் கையேட்டை என் பக்கம் திருப்பி, "நீங்க படிங்க சார், என் கையெல்லாம் எண்ணெய்" என்பார். கை சுத்தமாக இருந்த நாளிலும் அதைத்தான் சொன்னார்.

ஆகவே, பள்ளி அவருக்குச் செய்த தீங்கு ஒன்றல்ல, இரண்டு. அவர் கையில் இருந்த அறிவை இகழ்ந்தோம். அதோடு, 'இவனுக்குப் படிப்பு எதற்கு, எப்படியும் கைவேலைக்குத்தானே போகப் போகிறான்' என்று எண்ணி, வாசிப்பையும் முழுதாகக் கொடுக்காமல் விட்டோம். கைவேலைக்குப் போகிறவனுக்கு எழுத்து வேண்டாம் என்று யார் சொன்னது? இரண்டேகால் லிட்டர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுபவனுக்கு, கட்டுரை எழுதும் எனக்குத் தேவைப்படுவதைவிடத் துல்லியமான வாசிப்பு தேவை. நான் ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் பொருள் கெடும். அவர் தவறாகப் படித்தால் பிரேக் கெடும்.

பெற்றோரின் அச்சம் நியாயமானது

"ஐயா, எங்கள் பிள்ளை மெக்கானிக் ஆவதற்கா அனுப்புகிறோம்?" என்று கேட்கும் பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டு வலி இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன்மார் கையை மட்டுமே மூலதனமாகக் கொண்டு இங்கு வந்தவர்கள். காடு வெட்டினார்கள், பால்மரம் சீவினார்கள், இந்த மலையில் 1929ஆம் ஆண்டு முதல் தேயிலை நட்டவர்களிலும் கிள்ளியவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். அந்தக் கைகளுக்கு அன்று கிடைத்த கூலியும் மதிப்பும் நமக்குத் தெரியும். "என்னோடு போகட்டும், நீ பேனா பிடி" என்று சொல்லித்தான் என் தாய் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். தமிழ்ப்பள்ளி என்பது அந்த லயத்திலிருந்து வெளியேறும் ஏணியாக இருந்தது. அப்படியிருக்க, ஓர் ஆசிரியர் 'கைவேலை' என்று சொன்னால், 'லயத்துக்கே திரும்பிப் போ' என்றுதான் பெற்றோரின் காதில் விழும்.

ஆனால், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றைய வேலையில் கை நம்முடையது. கணக்கும் கட்டளையும் வேறொருவருடையது. எப்படி, ஏன் என்று கேட்கும் உரிமை இல்லை. திறன்தொழில் அப்படியன்று. அங்கே கையும் நம்முடையது, அறிவும் நம்முடையது, சான்றிதழில் பெயரும் நம்முடையது. இன்று மலேசியத் திறன் சான்றிதழ் முதல் மூன்று நிலைகளாகவும், அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என ஐந்தாம் நிலை வரையிலும் செல்கிறது. தொழிற்கல்லூரிகளும் தொழிற்பயிற்சிக் கழகங்களும் இருக்கின்றன. இவற்றைப் பற்றிப் பெற்றோரிடம் முறையாக எடுத்துச் சொல்லும் ஆசிரியர்கள் நம்மில் எத்தனை பேர்? சொல்லும்போதும் 'வேறு வழியில்லை என்றால்' என்ற முன்னுரையோடுதானே சொல்கிறோம்?

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 'கைத்திறன் உள்ள பிள்ளை' என்ற முத்திரையை ஏழைப் பிள்ளையின் நெற்றியில் மட்டும் குத்தக் கூடாது. பத்து வயதில் ஒருவன் ஸ்பேனரை விரும்புகிறான் என்பதற்காக அவனுடைய புத்தகத்தை மூடிவிடக் கூடாது. மருத்துவராகப் போகும் பிள்ளைக்கும் கைத்திறன் வேண்டும். மெக்கானிக் ஆகப் போகும் பிள்ளைக்கும் இலக்கணம் வேண்டும். நான் கேட்பது இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களைக் கேட்கவில்லை. நாளைக்கே செய்யக்கூடிய சிலவற்றை முன்வைக்கிறேன்.

1. ஆசிரியர்களே, 'மெக்கானிக் கடைக்குத்தான் போவாய்' என்ற வாக்கியத்தை இன்றோடு நிறுத்துவோம். அந்த வகுப்பில் மெக்கானிக்கின் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. தன் தந்தையின் தொழில் ஒரு தண்டனை என்று அது நம்மிடமிருந்து கற்கிறது.

2. பின்னமும் தசமமும் நடத்தும்போது ஒரு ஸ்பேனர் பெட்டியை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். பழைய பெட்டி போதும். தச்சரின் அளவுநாடா, தையற்காரரின் அங்குலப் பட்டை, சமையலறை அளவுக் கரண்டி என எதுவும் ஆகும்.

3. வாசிப்புப் பயிற்சிக்குக் கதை மட்டும் போதாது. ஒரு பொருளை எப்படிப் பூட்டுவது என்ற செயல்முறைக் குறிப்பைக் கொடுத்து, படித்தபடி செய்யச் சொல்லுங்கள். தவறாகப் படித்தால் பொருள் நிற்காது. சிவப்பு மையால் திருத்த வேண்டிய தேவையே இராது.

4. பரிசளிப்பு விழாவில் பாட மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் அதே உயரக் கோப்பையைச் செய்திறனுக்கும் கொடுங்கள். சின்னக் கோப்பையாக இருந்தால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. பெற்றோர்களே, வீட்டில் கெட்டுப்போன மின்விசிறியைத் தூக்கி எறிவதற்கு முன் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுப் பிள்ளையோடு சேர்ந்து பிரித்துப் பாருங்கள். திரும்பப் பூட்ட முடியாமல் போகலாம். பரவாயில்லை. கெட்டதைத்தானே கெடுத்தோம்?

இவற்றைச் செய்வதால் தேர்ச்சி விழுக்காடு உயருமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. ஓர் ஆள் இருக்கிறார். அவ்வளவுதான்.

இப்போது

நீண்டகாலம் வேலை செய்தவர்கள் தங்கள் அனுபவத்தையே சான்றாகக் காட்டித் திறன் சான்றிதழ் பெறுவதற்கு நம் நாட்டில் ஒரு வழி உண்டு. செய்த வேலைகளைப் படத்தோடும் விளக்கத்தோடும் தொகுத்து ஒரு கோப்பாகக் கொடுக்க வேண்டும். தம்பியிடம் சொன்னேன். "எழுதணுமா சார்?" என்றார். முகம் மாறியது. இருபது ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பார்த்த அதே முகம்.

முதலில் அவர் சொல்லச் சொல்ல நானே எழுதித் தருவதாக எண்ணினேன். விரைவாக முடிந்துவிடும். பிறகு, சரிவில் அவர் எனக்காக வண்டியை ஓட்டவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஓட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் இறங்கியிருப்போம். நான் ஒன்றும் கற்றிருக்க மாட்டேன்.

இப்போது வாரத்தில் இரண்டு மாலை, பட்டறை மூடிய பிறகு, கோப்பிக் குவளைகளோடு உட்காருகிறோம். மலாயில் எழுத வேண்டும். முதல் பக்கம் முடிய மூன்று வாரம் ஆயிற்று. பின்பகுதிக் குறுக்குச் சட்டத்தை வெட்டி மாற்றியதைப் பற்றி எழுதினார். எழுத்துப்பிழைகள் இருந்தன. ஆனால், வேலையின் வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை. முதலில் எது, அடுத்து எது, ஏன் என்று தெளிவாக இருந்தது. கட்டுரை வகுப்பில் நான் கெஞ்சிக் கேட்கும் 'கருத்துக் கோவை' அதுதான்.

அவருடைய தந்தை இன்னும் இருக்கிறார். மூன்றாம் வாரம் அந்த முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு, அந்த வண்டியிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். 2001ஆம் ஆண்டு நான் சொன்னது தவறு என்று சொன்னேன். அவருக்கு நினைவில்லை என்றார். நினைவில்லாமல் இருக்க வாய்ப்பில்லை, நாகரிகத்துக்காகச் சொன்னார். தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மலாய் வாசிக்கத் தெரியாது.

"கையெழுத்து நல்லா இருக்கு சார்" என்றார்.

எழுதி முடிக்க இன்னும் பல பக்கங்கள் இருக்கின்றன. இந்த மாலையும் போக வேண்டும். குளிர் கூடியிருக்கிறது, சோக்கை இழுத்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நாளைக் காலை ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்